பெடல் மிதித்தால்தான் சைக்கிள்: பினாங்கில் மின்சார மிதிவண்டி ஓட்ட வருவோருக்கு

அண்ணன் மகன் திருச்சியிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புது வண்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கைப்பிடியைத் திருகினால் ஓடும் வண்டி. பெடல் என்று இரண்டு கட்டைகள் இருந்தன. கால் வைத்துக்கொள்ளத்தான் அவை உதவும். “லைசென்ஸ் வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள், அத்தை. ஊரிலும் இப்படித்தானே ஓட்டினேன்” என்றான்.

ஊரைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட மின்சார ஸ்கூட்டருக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். பெடல் இல்லாவிட்டாலும் சரிதான். அந்தப் பழக்கத்தோடு மலேசியாவின் பினாங்குக்கு வந்தால் முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டு அவன் வாங்கிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது. அவன் முகம் வாடியதைப் பார்த்த அன்றே இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று ஆண்டுகளாக ஜெலுத்தோங்கிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு மின்சார மிதிவண்டியில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு அதிக நேரம் கொடுங்கள். மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.

மின்சாரத்தில் ஓடும் இரு சக்கர வண்டிகளை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது மின்சார மிதிவண்டி. இதில் நீங்கள் பெடல் மிதிப்பீர்கள், மோட்டார் துணைக்குத் தள்ளும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் உதவக்கூடாது. இந்த எல்லைக்குள் நிற்கும் வண்டி சைக்கிளாகவே நடத்தப்படுகிறது. எண் பலகை, சாலை வரி, லைசென்ஸ் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது மின்சார மோட்டார் சைக்கிள். இதுவும் முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். எண் பலகை, சாலை வரி, காப்புறுதி, பி2 என்ற மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். பி2 லைசென்ஸ் எடுக்கக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் மக்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நின்றுகொண்டு ஓட்டும் மின்சார ஸ்கூட்டர், பெடல் இல்லாத சிறிய மொபெட், இவற்றைப் போன்ற பொழுதுபோக்கு வண்டிகள் எல்லாம் இதில் அடங்கும். குறிப்பிட்ட சில சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடை விதிக்கும் விதிகள், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 2021 டிசம்பரில் அரசிதழில் வெளியாயின. இந்த வண்டிகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன, இணையத்திலும் விற்கின்றன. அதனால் சாலையிலும் ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். விற்பதற்குத் தடை இல்லாத வண்டியை ஓட்டுவதற்குத் தடை இருக்கலாம்.

“முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஜேபிஜேயில் பதிந்துகொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலாகா ஏற்கெனவே வகை அங்கீகாரம் கொடுத்த மாடல்களைத்தான் பதிவு செய்ய முடியும். அங்கீகாரம் இல்லாத மாடலைத் தனி ஆளாகக் கொண்டுபோய்ப் பதிய வழியில்லை. மோட்டார் வாகனமாகக் கருதப்படும் வண்டியை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வேலை அனுமதியை நம்பி இங்கே வாழ்பவருக்கு நீதிமன்றப் படி ஏறுவது எவ்வளவு பெரிய கவலை என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினரைக் கேட்டுக்கொண்டு இங்கே வாங்குபவர்களும் உண்டு. அங்கே மின்சார மிதிவண்டியைப் பதிவு செய்ய வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், 16 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த விதிகள் அந்த நாட்டுக்கு மட்டுமே. திருச்சி, சிங்கப்பூர், பினாங்கு மூன்றிலும் மூன்று சட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கடையில் சோதித்துப் பாருங்கள்

பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு மின்சாரத்தைப் போடுங்கள். பெடலைத் தொடாமல் கைப்பிடியில் உள்ள பொத்தான்களையும், திருகினால் மோட்டாரை ஓட்டும் ‘திருகி’யையும் ஒவ்வொன்றாக இயக்குங்கள். பெடல் அசையாமலே சக்கரம் வேகமாகச் சுழன்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். தள்ளிக்கொண்டு நடக்கும்போது உதவ 6 கி.மீ. வேகத்தில் மட்டும் மெதுவாக நகர்த்தும் பொத்தான் சில நல்ல வண்டிகளில் இருக்கும். அதைப் பற்றி நான் சொல்லவில்லை. திருகி உள்ள வண்டியைப் போலீஸ் பிடித்து நிறுத்தினால் “இது சைக்கிள்தான்” என்று நடுச்சாலையில் வாதாடும் நிலை உங்களுக்கு வந்துவிடும். திருகியே இல்லாத வண்டியை வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். விளம்பரத்தில் ‘500 வாட் உச்ச திறன்’ என்று போட்டிருப்பார்கள். தொடர்ந்து ஓடும்போது மோட்டார் தரும் திறன்தான் நமக்கு முக்கியம்; அது 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 15194 என்ற எண் வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. 250 வாட், 25 கி.மீ. என்ற அதே எல்லைகளை வைத்துத்தான் அந்தத் தரமும் எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். 25ஐத் தொட்டதும் மோட்டார் விட்டுவிட்டதைக் கால் உணரும். மிதிப்பது திடீரென்று கனக்கும். அப்படிக் கனக்கவில்லை என்றால் வேக வரம்பை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பொருள். “திரையில் ஒரு எண்ணை மாற்றினால் 40 வரை போகும், மாற்றித் தரட்டுமா?” என்று ஒரு கடையில் என்னிடமே அன்பாகக் கேட்டார்கள். மாற்றிய அந்த நிமிடமே அது சட்டத்தின் கண்ணில் சைக்கிள் அல்ல. வெளியே வித்தியாசம் தெரியாதே என்று நினைக்காதீர்கள். விபத்து நடந்தால் வண்டியை ஆராய்வார்கள்.

ரசீதில் மாடல், மோட்டார் திறன், வேக வரம்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள். அதைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: பேட்டரியும் சார்ஜரும்

சட்டத்தை மீறினால் சம்மன் வரும். பேட்டரியில் தவறினால் வீடு எரியும். அதிலும் அடுக்குமாடி வீட்டில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

36 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர் வேண்டும். 48 வோல்ட் பேட்டரிக்கு 54.6 வோல்ட். இரண்டின் முனையும் ஒரே அளவில் இருப்பது சாதாரணம், அதனால் மாற்றிச் செருகினாலும் பொருந்திவிடும். அண்ணன் மகனுடைய அறைத்தோழர் ஒருவர் தன் 48 வோல்ட் சார்ஜரை இவனுடைய 36 வோல்ட் பேட்டரிக்குக் கொடுக்கக் கையில் எடுத்திருந்தார். நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். அன்று தற்செயலாக நான் அங்கே இருந்தேன். பேட்டரிக்கு உள்ளே உள்ள பாதுகாப்புப் பலகை ஒருவேளை காப்பாற்றியிருக்கும், ஒருவேளை காப்பாற்றியிருக்காது. சார்ஜரின் பின்புறம் ‘அவுட்புட்’ என்று அச்சிட்ட எண்ணைப் படிக்காமல் எந்தச் சார்ஜரையும் செருகக்கூடாது. நெயில் பாலிஷை எடுத்துச் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் ஒரே நிறத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

மலேசியாவில் விற்கும் சார்ஜரில் எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரத்தைக் காட்டும் சிரிம் முத்திரை இருக்க வேண்டும். சுவரில் செருகுவது நம் மூன்று முனைப் பிளக்காக இருக்க வேண்டும். இரண்டு முனைப் பிளக்கை மாற்றி வைத்துச் செருகி, அதை நீட்டிப்பு வயரில் மாட்டி, அதே வயரில் சோற்றுக் குக்கரையும் போட்டிருக்கும் அறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

டைல்ஸ் தரையில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். மெத்தை மேலோ துணிமூட்டை பக்கத்திலோ வேண்டாம். வாசல் கதவின் அருகே ஒருபோதும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். எல்லாரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஓட்டிவிட்டு வந்தால் பேட்டரி சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆற விட்டுப் பிறகு செருகுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தரைத்தளத்தில் நிறுத்திய வண்டி என்ன ஆகும் என்று தெரியும். வெள்ளம் வடிந்ததும் வெயிலில் காயவைத்து ஓட்டலாம் என்று நினைக்கத் தோன்றும். லித்தியம் பேட்டரிக்கு அது பொருந்தாது. உள்ளே போன நீர் பல நாள் கழித்தும் கேடு செய்யும்.

புகை வரத் தொடங்கினால் அணைக்க முயல வேண்டாம். ஆட்களை வெளியேற்றுங்கள், அறைக் கதவைச் சாத்துங்கள், 999ஐ அழையுங்கள்.

நான்காம் படி: சாலைக்கு இறங்குவதற்கு முன்

தலைக்கவசத்தில் இரண்டு வகை உண்டு. பதிவு செய்த மின்சார மோட்டார் சைக்கிள் என்றால் எம்எஸ் 1 என்ற மலேசியத் தரமும் சிரிம் முத்திரையும் உள்ள மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் கட்டாயம். மிதிவண்டி என்றால் ஈஎன் 1078 எண் உள்ள இலேசான கவசம் போதும். அதைக் கட்டாயம் என்று எண்ணியே அணியுங்கள். இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். மணி ஒன்று வையுங்கள். மின்சார மிதிவண்டி ஓசையில்லாமல் வருவதால் முன்னால் நடப்பவருக்கு நீங்கள் வருவது தெரியாது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு நொடிக்கும் ஏறக்குறைய 7 மீட்டர் போகிறீர்கள். முன்னால் ஒரு காரின் கதவு திறப்பதைக் கண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்குள்ளேயே 7 மீட்டர் கடந்துவிடும். அதோடு, மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டிவிடும். மழை நாளில் விளிம்பை அழுத்தும் ரப்பர் பிரேக் வழுக்கும். பினாங்குக்கு டிஸ்க் பிரேக் உள்ள வண்டியே பொருத்தம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கக் காலியான கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாலை முழுக்கப் பழகுங்கள்.

ஐந்தாம் படி: தெருவில்

சைக்கிள் என்று ஆனபிறகு சாலை விதிகள் எல்லாம் உங்களுக்கும் உண்டு. இடதுபுறம் ஓட்ட வேண்டும், சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும், ஒருவழித் தெருவில் எதிரே வரக்கூடாது. ஜார்ஜ்டவுனின் பழைய நகரத்தில் பல தெருக்கள் ஒருவழி. “சைக்கிள்தானே” என்று எதிர்த்திசையில் நுழைந்தால், வலப்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டு வெளியே வரும் காரின் முன்னால் நீங்கள் போய் நிற்பீர்கள்.

கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் ஓட்டாதீர்கள். அது நடப்பவர்களுக்கானது. தூண் மறைவிலிருந்து குழந்தை ஓடி வரும்.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகாமல் ஒரு கதவின் அகலம் தள்ளிப் போங்கள். லெபோ சூலியாவிலும் லெபோ பசாரிலும் இதுதான் பெரிய ஆபத்து. பின்னால் வரும் கார் ஹாரன் அடித்தாலும் அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஹாரனால் கை ஒடியாது.

எனக்குக் கை ஒடிந்தது வேறு காரணத்தால். மழை விட்டிருந்த ஒரு மாலை, சந்திப்பில் போட்டிருந்த மஞ்சள் கோடுகளின் மேல் வளைந்துகொண்டே முன்பிரேக்கைப் பிடித்தேன். ஈரமான வண்ணப்பூச்சு சோப்பைப் போல வழுக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இடது மணிக்கட்டு ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தது. கோடுகளையும், இரும்பு மூடிகளையும், கால்வாய்க் கம்பித் தட்டிகளையும் நேராகக் கடக்க வேண்டும். அவற்றின் மேல் வளையவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. தட்டியின் கம்பிகள் சாலையின் திசையிலேயே நீளவாக்கில் போட்டிருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். அதனால் அகலமான டயர் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடப்பக்கம் நுழையாதீர்கள். அவை இடதுபுறம் திரும்பும்போது ஓட்டுநரின் கண்ணாடியில் நீங்கள் தெரிவதே இல்லை. விளக்கில் நிற்கும்போது அவற்றுக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.

தைப்பூச நாள்களில் தண்ணீர்மலைப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். தெருக்களை மூடியிருப்பார்கள், உடைத்த தேங்காயின் ஓடுகளும் நீரும் சாலை முழுக்கக் கிடக்கும், வெறுங்காலோடு நடக்கும் கூட்டத்தில் 20 கிலோ வண்டியைத் தள்ளுவது யாருக்கும் நல்லதல்ல.

தீவிலிருந்து கரைக்கு

கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த் பக்கம் வேலை கிடைத்தவர்கள் கேட்கும் கேள்வி இது: பாலத்தில் போகலாமா? போகக்கூடாது. 1985இல் திறந்த 13.5 கி.மீ. நீளமுள்ள முதல் பாலத்திலும் சரி, 2014இல் திறந்த 24 கி.மீ. நீளமுள்ள இரண்டாவது பாலத்திலும் சரி, மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. மோட்டார் சைக்கிள்கள் போவதைப் பார்த்து அவற்றின் பின்னால் நுழைந்துவிடாதீர்கள். சுங்கச்சாவடி உள்ள நெடுஞ்சாலைகளின் நுழைவாயிலில் மிதிவண்டிப் படத்தைத் தடை வட்டத்துக்குள் போட்டிருக்கும் பலகையைக் கவனியுங்கள்.

உங்களுக்கு உரிய வழி ஃபெரிதான். 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய ஃபெரிகள் கார்களை ஏற்றுவதில்லை. பாதசாரிகள், மிதிவண்டிகள், மோட்டார் சைக்கிள்கள் மட்டும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் மோட்டாரை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். சாய்தளம் கடல்நீரில் நனைந்திருக்கும். பயணம் முழுக்க வண்டியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் ஜார்ஜ்டவுன் நெருங்கி வருவதைக் கடலிலிருந்து பார்ப்பது, இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொழுது.

விபத்து நடந்தால்

மிதிவண்டிக்குக் கட்டாயக் காப்புறுதி இல்லை. அதனால் நீங்கள் ஒருவரை இடித்தால் அவருடைய மருத்துவச் செலவு உங்கள் தலையில்தான் விழும். ஒரு கார் உங்களை இடித்தால் அதன் காப்புறுதியிடம் இழப்பீடு கேட்கலாம், ஆனால் அதற்குப் போலீஸ் புகார் வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நிலையத்தில் புகார் செய்யுங்கள். “சின்ன அடிதான், விடுங்கள்” என்று கார்க்காரர் ஐம்பது ரிங்கிட் நீட்டினாலும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். எண் பலகையையும் இடத்தையும் வண்டி கிடந்த நிலையையும் முதலில் படம் எடுங்கள். சில எலும்பு முறிவுகள் மறுநாள்தான் தெரியவரும்.

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விழுந்தால் பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணமும் வேலை விபத்துத் திட்டத்தில் அடங்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்தத் திட்டம் பொருந்துகிறது. பலருக்கு இது தெரியாமலே கைக்காசைச் செலவழித்துவிடுகிறார்கள். உணவு விநியோகம் செய்பவர்கள் சுயதொழில் செய்வோருக்கான தனித் திட்டத்தில் சந்தா கட்டியிருக்கிறார்களா என்று வேலையைத் தொடங்கும் முன்பே பாருங்கள்.

வழியில் வேறு காரியத்துக்காகப் பாதை விலகியிருந்தால் கோரிக்கை சிக்கலாகும். ஆகவே நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்து, ரசீதின் படத்தோடு சேர்த்து வைத்திருங்கள். விழுந்த அன்றே முதலாளிக்கோ மேலாளருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. மூன்றாம் நாளும் அறிவிக்கவில்லை என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். போலீஸ் புகாரின் நகலையும் மருத்துவச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே பெர்கேசோ அலுவலகத்துக்குப் போங்கள்.